ரிவெட்டின் மறுபக்கம்

ஏழாம் அத்தியாயம்

போன வாரம் லாரியில் வந்து இறங்கிய மரப்பெட்டி, இறக்கி வைத்த இடத்திலேயே கார் ஷெட்டை அடைத்துக்கொண்டு கிடந்தது. காருக்கு இனிமேல் தெருதான்.

பெட்டிக்குள் இருந்தது ஒரு விமானத்தின் வால். அதுவும் முழு வாலாக இல்லை. துளை போட்ட அலுமினியத் தகடுகளும் சட்டங்களும் காகிதம் சுற்றிய துண்டுகளுமாக இருந்தது. இரண்டு பேர் உட்காரக்கூடிய சின்ன விமானம். வீட்டில் வைத்தே பூட்டிக் கட்டுகிற வகை. வாலை முடித்தால் இறக்கை வரும், இறக்கையை முடித்தால் உடல் வரும், கடைசியில் என்ஜின். அதை வரவழைத்தவள் நிர்மலின் அக்கா ரோஹிணி.

ரோஹிணி புனேயில் விமான் நகரில் பல் மருத்துவர். கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டவள். நாற்பதைத் தாண்டிய பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் பாராமதிக்குப் போய்ப் போய்ச் சிறு விமானம் ஓட்டக் கற்று உரிமமும் வாங்கிவிட்டாள். சொந்தமாக ஒன்று கட்டவேண்டும் என்பது அதற்குப் பிறகு பிடித்த பித்து. அவளுடைய பிளாட்டோ மூன்றாவது மாடி. அங்கே இந்தப் பெட்டியின் மூடியைக்கூட வைக்க இடமில்லை. தம்பிக்கு ஹடப்சரில் தனி வீடு இருந்தது, வீட்டோடு ஷெட்டும் இருந்தது.

அந்த ஷெட்டில் நிர்மலின் மனைவி ஸ்ரீவித்யாவின் இரண்டு தையல் மிஷின்கள் இருந்தன என்பதை யாரும் மறந்துவிடவில்லை. மறக்காமல்தான் அவற்றை மாடியறைக்குத் தூக்கிக்கொண்டு போய் வைத்தார்கள்.

"உனக்கு ஒண்ணும் கஷ்டமில்லையே?" என்று அன்றைக்கு நிர்மல் கேட்டான். கேட்கும்போதே மிஷினின் ஒரு கால் அவன் தோளில் இருந்தது. ஸ்ரீவித்யா பதில் சொல்லவில்லை. அதையே அவன் சம்மதமாக எடுத்துக்கொண்டான்.

இந்தச் சனிக்கிழமை காலையில் ரோஹிணி வந்தபோது ஸ்ரீவித்யா இட்லி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க அண்ணி. சாப்பிட்டுட்டுப் போலாம்."

"நீயும் கிளம்பு வித்யா. இவனை மட்டும் கூட்டிட்டுப் போனா கடையையே வாங்கிட்டு வந்துடுவான்."

"நான் வந்து என்னங்க பண்ணப் போறேன்?"

"பேரம் பேச ஆள் வேணும். எனக்கு ஹிந்தியில பல்லைப் பத்தி மட்டும்தான் பேச வரும்."

ஸ்ரீவித்யாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். நாத்தனார் மேல் இருந்த கோபத்தை அவ்வளவு சுலபமாகக் கரைய விட அவளுக்கு மனமில்லை.

இட்லித் தட்டுக்கு முன்னாலேயே அக்காவுக்கும் தம்பிக்கும் வாக்குவாதம் ஆரம்பித்துவிட்டது. விமான வேலைக்கென்றே உள்ள கருவிகள் அமெரிக்காவிலிருந்து வரவேண்டும். அவற்றில் அவசியமானதைக் கொஞ்சமாக ரோஹிணி பெட்டியோடு தருவித்திருந்தாள். தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கும் கிளிப்புகள், தகடுகளை இணைக்கிற ரிவெட் என்ற குட்டை ஆணியை அடிக்க, காற்றில் ஓடுகிற ரிவெட் கன், ரிவெட்டின் மறுபக்கத்தில் அண்டை கொடுத்துப் பிடிக்க பக்கிங் பார் என்ற இரும்புக் கட்டி. இன்னும் எதை வரவழைப்பது என்பதில்தான் சண்டை.

"காத்துல அமுக்கற ஸ்க்வீஸர் ஒண்ணு இருக்கே, அதை ஆர்டர் பண்ணிடுக்கா. ஒரு ஆளே எல்லாத்தையும் பண்ணிடலாம். பட்டனை அமுக்கினா முடிஞ்சது" என்றான் நிர்மல்.

"அதோட வாய் இவ்வளவுதான்டா நீளம்." ரோஹிணி கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்துக் காட்டினாள். "தகட்டோட ஓரத்துக்குத்தான் எட்டும். ஓரத்துக்குக் கையால அமுக்கறதே போதும். நடுவுல இருக்கற ரிவெட்டுக்கு வெளியில ஒருத்தர் அடிக்கணும், உள்ளே ஒருத்தர் பிடிக்கணும். அதுக்கு வேற வழியே கிடையாது."

"நீளமான வாய் வெச்சதும் இருக்கும். தேடிப் பாரேன்."

"ஏன்டா ஒத்தை ஆளு, ஒத்தை ஆளுன்னு பறக்கற? பிடிக்கறதுக்குத்தான் நீ இருக்கியே?"

நிர்மல் சட்னியைப் பார்த்துக் குனிந்துகொண்டான்.

காரில் போகும்போதும் அவன் அதே பேச்சை எடுத்தான். தனியாகவே மேஜையில் தகட்டை நிறுத்திப் பிடிக்கிற ஸ்டாண்டு இருக்கிறதாம், தனியாகவே புரட்டிப் போடுகிற சட்டம் இருக்கிறதாம். பின்சீட்டில் இருந்த ஸ்ரீவித்யாவுக்கு அது ஏதோ மாதிரி இருந்தது. எதைச் செய்தாலும் நாலு பேரைக் கூட்டிவைத்துச் செய்கிற மனிதர் இவர். இவருக்கு எதற்கு இன்றைக்கு இந்தத் தனி ஆள் பாட்டு?

ரவிவார் பேட்டையில் போஹரி ஆளி என்ற கடைச் சந்துக்குள் காரைக் கொண்டுபோவதும் ஊசிக்காதில் வடக்கயிறு கோப்பதும் ஒன்று. மண்டை என்ற காய்கறிச் சந்தைப் பக்கம் காரை நிறுத்திவிட்டு நடந்தார்கள். தெருவின் இரண்டு பக்கமும் ஆணி, போல்ட், சங்கிலி, அரம், ரம்பம். நிர்மல் முதல் கடையிலேயே நின்றுவிட்டான். ஆளுயரத்துக்கு நின்ற துளையிடும் இயந்திரம் ஒன்றின் மேல் கை வைத்தபடி, "இது இருந்தா எவ்வளவு சுத்தமா துளை விழும் தெரியுமா?" என்றான்.

"துளை ஏற்கெனவே விழுந்திருக்குடா. கம்பெனிக்காரன் குத்தியே அனுப்பியிருக்கான். நாம அளவுக்குப் பெருசு பண்ணினா போதும்" என்று அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள் ரோஹிணி.

முகமது இஸ்மாயிலின் கடையில்தான் அவர்கள் உட்கார்ந்தார்கள். அவர் அரை கிளாஸ் கட்டிங் சாய் வரவழைத்தார். எதற்குச் சாமான் என்று கேட்டார். ரோஹிணி, "ஏரோப்ளேன்" என்றாள். அவர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மாடலா மேடம்?" என்றார். "பைட்னேவாலா" என்று, உட்கார்ந்து போகிற நிஜ விமானமென்று, ஸ்ரீவித்யா சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பிறகு எல்லாச் சாமானையும் ஒரு படி மேல் தரத்திலேயே எடுத்துப் போட ஆரம்பித்தார்.

ரோஹிணி வாங்குகிற விதத்தை அன்றுதான் ஸ்ரீவித்யா கிட்டே இருந்து பார்த்தாள். கையில் பிடிக்கிற ட்ரில்லை எடுத்தாள். மெல்லிய துளையூசி ஒன்றை மாட்டி, ஓடவிட்டு, அதன் நுனியையே உற்றுப் பார்த்தாள். "ஆடுது" என்று வைத்துவிட்டாள். இன்னொன்று. "இதுவும் ஆடுது." அடுத்ததில் நுனி ஒரு புள்ளியாக நின்றது. இருபது வருஷமாக மனிதர் வாய்க்குள் துளை போட்ட கண் அது.

"இது" என்றாள். "ஆனா எனக்கு இது இரண்டாம் பட்சம்தான். காத்துல ஓடற ட்ரில்லுதான் வேணும். கைக்கு லேசா இருக்கும், என் கிளினிக் கருவி மாதிரி."

காற்றில் ஓடுவதென்றால் அதற்குத் தக்க கம்ப்ரஸர் வேண்டும். இஸ்மாயில் தெருவோரத்தில் நின்ற பெரிய கம்ப்ரஸரைக் காட்டினார். பீப்பாய் மாதிரி தொட்டி, மேலே பெல்ட் மாட்டிய சக்கரம். அக்காவுக்கும் தம்பிக்கும் அன்றைக்கு முதன்முறையாக ஒருமித்த கருத்து வந்தது. எடுத்துவிடலாம், பின்னால் வண்ணம் அடிக்கவும் ஆகும் என்று பேசிக்கொண்டார்கள்.

"எங்கே வைக்கப் போறீங்க?" என்று கேட்டாள் ஸ்ரீவித்யா.

"ஷெட்டுக்குப் பின்னால, மாடிப்படிக்குக் கீழே" என்றான் நிர்மல்.

மாடிப்படிக்கு மேலேதான் அவள் மிஷின்கள் இருக்கும் அறை. அவள் இஸ்மாயில் பக்கம் திரும்பினாள். "பாயிசாப், ஸரா சாலூ கரோ நா."

அவர் ஓடவிட்டார். பக்கத்துப் பெட்டிக்கடையின் கண்ணாடி ஜாடிகள் கிணுகிணுத்தன. எதிர்க்கடைக்காரர் காதைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தார். நிர்மல் ஏதோ சொன்னான், வாய் அசைந்தது, ஒன்றும் கேட்கவில்லை. ஸ்ரீவித்யா நிறுத்தச் சொல்லவில்லை. அவர்கள் இருவரும் நன்றாகக் கேட்கட்டும் என்று கை கட்டிக்கொண்டு நின்றாள். கடைசியில் ரோஹிணிதான் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"சத்தம் கம்மியா ஏதாவது இருக்குங்களா?" என்று ஸ்ரீவித்யா ஹிந்தியில் கேட்டாள்.

இருந்தது. எண்ணெய் ஊற்றாமல் ஓடுகிற சின்ன வகை. ஓடும்போது பக்கத்தில் நின்று சாதாரணமாகப் பேச முடிந்தது. ஆனால் அதில் காற்று ட்ரில் ஓட்டினால் கொஞ்ச நேரத்தில் மூச்சு வாங்கிவிடும், ரிவெட் கன்னுக்கு மட்டும் தாராளமாகப் போதும் என்றார் இஸ்மாயில்.

"துளைதான் ஏற்கெனவே இருக்குதுன்னு சொன்னீங்களே அண்ணி. கரண்டுல ஓடற ட்ரில்லு பத்தாதுங்களா?"

ரோஹிணி கையிலிருந்த ட்ரில்லைப் பார்த்தாள். அப்புறம் ஸ்ரீவித்யாவின் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஏதோ ஒரு கணக்கு நடந்தது.

"மாடிப்படிக்கு மேலேதானே உன் ரூம்?"

"ஆமாங்க."

"சின்னதே போதும்" என்றாள் ரோஹிணி இஸ்மாயிலிடம்.

அதற்குப் பிறகு பேரம் பேசும் உற்சாகம் ஸ்ரீவித்யாவுக்குத் தானாகவே வந்துவிட்டது. மேஜையில் பூட்டிச் சாமானை இறுக்கிப் பிடிக்கிற வைஸ், இரண்டு மெல்லிய அரம், கண்ணாடிகள், காதை மூடும் கவசங்கள். காதுக் கவசம் இரண்டு ஜோடி என்றாள் ரோஹிணி. மூன்றாக எடுங்கள் என்று தான் ஏன் சொன்னோம் என்பது ஸ்ரீவித்யாவுக்கே விளங்கவில்லை.

வீடு வந்து சேர்ந்ததும் நிர்மல் கம்ப்ரஸருக்குக் குழாய் மாட்ட உட்கார்ந்தான். ரோஹிணி ஷெட்டில் போட்டிருந்த பழைய சாப்பாட்டு மேஜையில் வைஸைப் பூட்டினாள். பழகிப் பார்ப்பதற்கென்று பெட்டியோடு வந்திருந்த சிறு தகடுகள் ஓரமாகக் கிடந்தன. ஸ்ரீவித்யா ஒன்றை எடுத்துத் துளையின் விளிம்பை விரலால் தடவினாள். சுரீர் என்றது.

"பார்த்து! துளை பெருசு பண்ணினதும் பிசிறு நிக்கும். அதை எடுக்காம சேர்த்து அடிச்சா தகட்டுக்கு நடுவுல இடைவெளி விழும், நாளடைவில விரிசல் விடும்" என்றாள் ரோஹிணி. பேனா மாதிரி ஒரு கருவியை நீட்டினாள். நுனியில் வளைந்த சின்னக் கத்தி. "லேசா ஒரு சுத்து. அழுத்தக் கூடாது."

பிசிறு என்ற சொல்லைக் கேட்டதும் ஸ்ரீவித்யாவுக்கு அந்தத் தகடு கொஞ்சம் சொந்தமானது மாதிரி இருந்தது. பிசிறு தெரியாமல் முடிப்பதுதானே அவள் பிழைப்பு. கீழே உட்கார்ந்து ஒவ்வொரு துளையாகச் சுற்றினாள். முடி மாதிரி வெள்ளிச் சுருள்கள் மடியில் விழுந்தன. அக்காவும் தம்பியும் குழாய்க்காகச் சண்டை போடுவது எங்கோ தூரத்தில் கேட்டது.

சாயங்கால வெயில் ஷெட்டுக்குள் சாய்வாக வந்தபோது எல்லாம் தயாராகிவிட்டது. இரண்டு தகடுகளைச் சேர்த்து, கிளிப்புகளால் குண்டூசி குத்தின மாதிரி நிறுத்தி, ரோஹிணி ரிவெட் கன்னைக் கையில் எடுத்தாள். நிர்மல் பின்பக்கம் இரும்புக் கட்டியோடு நின்றான்.

"ரெடியா?"

"ம்."

டர்ர்ர் என்று அடித்தது. நிர்மல் உடம்பு தூக்கிப் போட்டது. பார்த்தால், தட்டையாக வட்டமாக நசுங்கியிருக்க வேண்டிய ரிவெட்டின் வால் ஒருபக்கமாகப் படுத்திருந்தது.

"கட்டியைச் சாய்ச்சுட்டே. நேராப் பிடி."

அடுத்ததும் படுத்தது. அதற்கடுத்ததில் கட்டியே நழுவித் தகட்டில் ஒரு பள்ளம் விழுந்தது. தப்பாய்ப் போன ரிவெட்டைத் துளைத்து எடுத்துவிட்டு மறுபடி அடிக்க வேண்டும். எடுத்தார்கள், மறுபடி அடித்தார்கள், மறுபடி படுத்தது.

"நிர்மல், உன் கவனம் எங்கேடா இருக்கு?"

"இந்தச் சத்தத்துல கவனம் எங்கே நிக்கும்? அதான் காலையில இருந்து சொல்றேன். அந்த ஸ்க்வீஸரை வாங்கு, தனியா செஞ்சுக்கலாம்னு."

"நானும் காலையில இருந்து கரடியா கத்தறேன். அது நடுவுக்கு எட்டாது."

"அப்ப சம்பளத்துக்கு ஒரு ஆளை வெச்சுக்கோ."

ரோஹிணி கன்னைக் கீழே வைத்தாள். "ஆளா? நீ வர்றேன்னு சொன்ன தைரியத்துலதானே பெட்டியை வரவழைச்சேன்?"

"சொன்னேன். நீ தனியா கிடக்கறியே, எதுலயாவது சந்தோஷமா இருந்துட்டுப் போகட்டுமேன்னு சொன்னேன். போதுமா?"

சொன்ன பிறகுதான் அவனுக்கே அந்தச் சொல்லின் எடை தெரிந்தது. இரும்புக் கட்டியை மேஜையில் வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் மாடிப்படி ஏறிப் போய்விட்டான். மொட்டை மாடிக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

ரோஹிணி கண்ணாடியைக் கழற்றினாள். அவள் அழுகிற ரகமில்லை. ஆனால் கண்ணாடியை மடக்குவதற்கு அவள் விரல்களுக்கு வெகுநேரம் பிடித்தது.

"பரிதாபப்பட்டுக் குடுக்கற கை எனக்கு வேண்டாம் வித்யா" என்றாள். "நாசிக்ல எங்க கிளப்காரர் சந்திரமௌலி இந்தப் பெட்டியைக் கேட்டுட்டே இருக்கார். அவருக்கே குடுத்துடறேன். உன் ஷெட்டை நாளைக்கே ஒழிச்சுத் தந்துடறேன்."

'சரிங்க அண்ணி.'

அந்த இரண்டு சொல்லைச் சொன்னால் போதும். மிஷின்கள் கீழே வந்துவிடும். முழங்கால் வலியோடு மாடியேற முடியாமல், தெருவிலேயே நின்று துணியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போன ஜோஷி காகு, அந்த மராத்தி மாமி, மறுபடி வருவார். கார் மழையில் நனையாது. ஒரு வாரமாக மனசுக்குள் வேண்டிக்கொண்டிருந்தது, கேட்காமலே மடியில் வந்து விழுகிறது. சொல்ல வாயெடுத்தாள்.

கை ஏனோ மேஜையில் கிடந்த இரும்புக் கட்டியை எடுத்தது.

உள்ளங்கையில் அடங்கிவிடும் அளவுதான். ஆனால் எதிர்பார்த்ததைவிட இரண்டு பங்கு கனம். ஒரு முகம் கண்ணாடி மாதிரி வழவழவென்றிருந்தது.

"இதை எப்படிங்க பிடிக்கணும்?"

"விடு வித்யா. எனக்காக நீயும் ஒண்ணும்..."

"உங்களுக்காக இல்லீங்க. காலையில இருந்து நானும் பார்த்துட்டே இருக்கேன். எனக்குப் பிடிச்சுப் பார்க்கணும் போல இருக்குது. ஒருவாட்டி அடிங்க."

ரோஹிணி கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டாள். ஸ்ரீவித்யா மூன்றாவது ஜோடிக் காதுக் கவசத்தைப் பிரித்து மாட்டினாள்.

முதல் ரிவெட் அவளுக்கும் படுத்துக்கொண்டது. இரண்டாவதில் அவள் பயத்தில் மிகவும் அழுத்திவிட்டாள், ரிவெட் துளையை விட்டே பின்வாங்கியது. ரோஹிணி அதையும் துளைத்து எடுத்தாள்.

"அடிக்கறதுக்கு முன்னாடி சொல்லுங்க. நான் சரின்னா மட்டும் அடிங்க" என்றாள் ஸ்ரீவித்யா.

"சரியா?"

ஸ்ரீவித்யா கட்டியை ரிவெட்டின் வாலில் பொருத்தினாள். கண்ணால் பார்ப்பதைவிட உள்ளங்கையால் பார்ப்பது சுலபமாக இருந்தது. முகம் தட்டையாக உட்கார்ந்தால் ஒரு மாதிரி, சாய்ந்தால் வேறு மாதிரி. ஓடுகிற ஊசிக்குக் கீழே வழுக்குகிற பட்டுத் துணியைத் தள்ளவும் கூடாது, இழுக்கவும் கூடாது, கூடவே போகவேண்டும். அந்த நிதானத்தைக் கைக்குக் கொடுத்தாள்.

"சரி."

டர்ர்ர். அதிர்ச்சி முழங்கை வரை ஏறியது. உள்ளே ரிவெட் மெழுகு மாதிரி இளகி அமுங்குவது உள்ளங்கைக்குத் தெரிந்தது. தெரிந்ததும், "போதும்!" என்று அவளே கத்தினாள்.

சட்டைப் பொத்தான் மாதிரி வட்டமாக, ஒரே உயரத்தில் உட்கார்ந்திருந்தது. ரோஹிணி அளவுத் தகட்டை வைத்துப் பார்த்தாள். பல்லைப் பார்க்கிற பூதக்கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கிப் பார்த்தாள்.

"வித்யா..."

"தப்புங்களா?"

"இதைத் துளைச்சு எடுக்க வேண்டியதில்லை" என்றாள் ரோஹிணி. முகம் முழுக்கச் சிரிப்பு. "இன்னொண்ணு அடிக்கலாமா?"

அடித்தார்கள். ஒன்று படுத்தது, நாலைந்து நின்றன. அந்த வரிசை முடியும்வரை இருவரும் சரியா, சரி என்ற இரண்டு சொல்லுக்கு மேல் பேசவில்லை. ஆனால் பன்னிரண்டு வருஷத்தில் நாத்தனாரோடு அவ்வளவு நேரம் சேர்ந்து இருந்ததாக ஸ்ரீவித்யாவுக்கு நினைவில்லை.

"பிசிறு எல்லாம் நீதானே எடுத்தே?" என்று தகட்டைத் திருப்பிப் பார்த்தபடி கேட்டாள் ரோஹிணி. "நான் எடுத்ததைவிட நல்லா இருக்கு."

"அண்ணி, நான் ஒண்ணு சொல்லலாங்களா?"

"சொல்லு."

"என் மிஷின்ல ஒண்ணு கீழே வரணும். ஜன்னல் ஓரத்துல. மாடியேற முடியாதவங்க வர்றாங்க. அவங்க வந்தா நீங்க கம்ப்ரஸரை நிறுத்திடணும். அப்புறம்..." சொல்லியே விட்டாள். "இனிமே என்னைக் கேக்காம இந்த ஷெட்டுக்குள்ள ஒரு பெட்டியும் வரக்கூடாதுங்க."

ரோஹிணி கன்னை மேஜையில் வைத்தாள். "உனக்குச் சம்மதம்னு நிர்மல் சொன்னானே?"

"அவரு மிஷினைத் தூக்கினப்புறம்தாங்க கேட்டாரு. நானும் சொல்லலை."

"நானாவது உன்கிட்ட நேரா கேட்டிருக்கணும்."

"ஆமாங்க. கேட்டிருக்கணும்."

மழுப்பாமல் வந்த அந்தப் பதிலை ரோஹிணி தலையாட்டி ஏற்றுக்கொண்டாள். "இப்பக் கேக்கறேன். வால் முடியவே ஒரு வருஷம் ஆகும். மொத்தமும் முடிய மூணோ நாலோ. ரெண்டு பேர் கை பழகிட்டா நடுவுல ஆளை மாத்தறது கஷ்டம். நீ யோசிச்சு, நாலு நாள் கழிச்சு வேணும்னாலும் சொல்லு. கடைசி வரைக்கும் மறுபக்கம் நீ பிடிப்பியா?"

ஸ்ரீவித்யா யோசித்தாள். யோசிக்க ரொம்ப நேரம் ஆகவில்லை.

"பிடிக்கிறேங்க. ஆனா முடிஞ்சதும் அந்த ரெண்டாவது சீட்டுல மொதல்ல நான்தான் உக்காருவேன்."

"பின்னே வேற யாரு?" என்றாள் ரோஹிணி.

ஸ்ரீவித்யா டீ போட்டாள். ரோஹிணிக்கு ஒரு டம்ளர் கொடுத்துவிட்டு, இன்னொன்றை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனாள். நிர்மல் காய்ந்த துணிகளைக் கொடியிலிருந்து எடுத்து மடித்துக்கொண்டிருந்தான். தப்புச் செய்த நாட்களில் அவன் துணி மடிப்பான்.

"கீழே சத்தம் கேட்டுச்சே, யாரு பிடிச்சா?"

"நான்தான்."

அவன் கையில் பாதி மடித்த துண்டு அப்படியே நின்றது. "நீயா?"

"நல்லா வருதுன்னு அண்ணி சொல்றாங்க. அதை விடுங்க. அக்காகிட்டப் பேசற பேச்சா அது? உங்களுக்கு இன்னைக்கு என்னங்க ஆச்சு?"

நிர்மல் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு டீயை வாங்கினான். விமான் நகர்ப் பக்கம் ஒரு விமானம் விளக்குகளோடு இறங்கிக்கொண்டிருந்தது. அது மறைகிற வரை பார்த்தான்.

"கோயமுத்தூர் ஆபீஸ்ல ஒரு இடம் காலியாகுது வித்யா. என்னைக் கேட்டிருக்காங்க. பதவி உயர்வோட. ஏப்ரல்ல போய்ச் சேரணும்."

கோயமுத்தூர். பீளமேட்டில் அவள் அம்மா வீடு. கல்யாணமாகிப் புனே வந்த முதல் வாரத்திலிருந்து, எத்தனை தீபாவளி, எத்தனை காய்ச்சல், எத்தனை கண்ணீர். 'நம்ம ஊருப் பக்கம் எப்பங்க போவோம்?'

"புதன்கிழமையே சொன்னாங்க" என்றான் நிர்மல். "முடிவானப்புறம் உன்கிட்ட சொல்லி உன் முகத்தைப் பார்க்கணும்னு இருந்தேன். ஆனா அக்காவை நினைச்சா... இப்பத்தான் பெட்டி வந்து இறங்கியிருக்கு. பாதியில விட்டுட்டுப் போகணும். அதான், தனியா செய்யற மாதிரி எல்லாத்தையும் வாங்கிக் குடுத்துடலாம்னு பார்த்தேன். அது முடியாதுன்னு அவ சொல்லச் சொல்ல எனக்கு ஆத்திரம் வந்துடுச்சு. அவ மேல இல்லை."

காலையிலிருந்து அரித்துக்கொண்டிருந்ததற்கு இப்போது அர்த்தம் கிடைத்தது. கோபமும் வந்தது, கூடவே இந்த மனிதரைக் கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது. கோபம்தான் முந்தியது.

"ஷெட்டுக்கும் என்னைக் கேக்கலை. இதுக்கும் கேக்கலை."

"நீ ஆசைப்பட்டதுதானேன்னு..."

"ஆசைப்பட்டது நான்தாங்க. அதை என்கிட்டயே கேக்கக் கூடாதா?"

நிர்மல் டம்ளரைச் சுவரின் மேல் வைத்தான். "தப்புதான். இப்பக் கேக்கறேன். திங்கட்கிழமை பதில் சொல்லணும். போலாமா?"

பன்னிரண்டு வருஷமாக அவள் கேட்டுக்கொண்டிருந்த கேள்வியை இன்றைக்கு அவன் கேட்கிறான். நேற்றுக் கேட்டிருந்தால், கேள்வி முடிவதற்குள் தலையாட்டியிருப்பாள். இப்போது முழங்கை இன்னும் குறுகுறுவென்றிருந்தது. கடைசி வரைக்கும் பிடிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்த வாய்ச்சொல்லின் சூடு இன்னும் ஆறவில்லை. போகலாமென்றும் தோன்றியது. போகக்கூடாதென்றும் தோன்றியது. இரண்டுமே தன்னுடைய ஆசைதான் என்பது அவளுக்குப் புதிதாக இருந்தது. பயமாகவும் இருந்தது, கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது.

"ரெண்டு நாள் குடுங்க" என்றாள். "நான் யோசிக்கணும். இந்தத் தடவை நான்தான் சொல்லுவேன்."

"அக்காகிட்ட?"

"நான் சொல்ற வரைக்கும் நீங்க வாயைத் திறக்காதீங்க. இப்ப வந்து அவங்ககிட்ட மன்னிப்பு மட்டும் கேளுங்க."

கீழே இருந்து குரல் வந்தது. "வித்யா! அடுத்த வரிசை மாட்டிட்டேன்!"

ஸ்ரீவித்யா இறங்கினாள். பின்னாலேயே நிர்மல் வந்தான். ஷெட் வாசலில் தயங்கி நின்று, "அக்கா, நான் சொன்னது..." என்று ஆரம்பித்தான். ரோஹிணி திரும்பிப் பார்க்காமலே, "வெளிச்சம் பத்தலை. அந்த விளக்கைத் தூக்கிப் பிடி" என்றாள். அவன் ஓடிப் போய்த் தூக்கிப் பிடித்தான். "இன்னும் கொஞ்சம் இடப்பக்கம். ம், இப்பச் சொல்லு."

"மன்னிச்சுடுக்கா."

"விளக்கை ஆட்டாதே" என்றாள் ரோஹிணி. குரலில் பழைய அக்கா திரும்பியிருந்தாள். பிறகு ஸ்ரீவித்யாவைப் பார்த்தாள். "என்ன, முகம் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்லீங்க."

ஸ்ரீவித்யா காதுக் கவசத்தை மாட்டிக்கொண்டு, இரும்புக் கட்டியை எடுத்துத் தகட்டின் மறுபக்கம் போனாள். விளக்குக்கு அப்பால் நிர்மலின் கண்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. அவள் கட்டியை ரிவெட்டில் பொருத்தினாள். அது தட்டையாக உட்கார்ந்தது.

"சரியா?" என்றாள் ரோஹிணி.

ஸ்ரீவித்யா மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"சரிங்க அண்ணி. அடிங்க."